காளை இல்லாத இடபவாகனர்: அருங்காட்சியகத் தேடலுக்கு ஓர் அடித்தளம்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் இடபவாகன தேவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த செப்புத்திருமேனிகளில் ஒன்று அது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகையாகச் சுற்றிய சிவன், ஒரு காலை மறுகாலின் குறுக்கே வைத்து, வலக்கையை மடித்து எதன்மேலோ ஊன்றியபடி நிற்கிறார். ஊன்றியிருப்பது காளையின்மேல். அந்தக் காளை இப்போது இல்லை. மடித்த கையும் நிற்கும் ஒயிலும்தான் அங்கே ஒரு காளை இருந்ததற்குச் சாட்சி. இந்தத் திருமேனி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கலை வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது? திருவெண்காட்டுக் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, இடபவாகன தேவர் திருமேனியைப் பற்றிச் சொல்கிறது. மறு ஆண்டுக் கல்வெட்டு அவருடைய தேவியின் திருமேனியைச் சொல்கிறது. கல்வெட்டு குறிப்பிடும் திருமேனியும் மண்ணிலிருந்து வந்த திருமேனியும் ஒன்றுதான் என்று அறிஞர்கள் பொருத்திப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். அதனால் அந்த ஆண்டு சிலைக்கு வந்து சேர்ந்தது. நல்ல பொருத்தம்தான், மறுப்பதற்கு வலுவான காரணமும் இல்லை. இருந்தாலும் அது மனிதர்கள் காரணம் காட்டிச் செய்த ஒரு முடிவு.

இப்படிப்பட்ட ஒரு சிலை பதிவேட்டில் ஏறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். வழக்கமான பதிவேட்டு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: சிவன், செம்பு, சோழர், 11ஆம் நூற்றாண்டு, திருவெண்காடு, தஞ்சாவூர் மாவட்டம். ஐந்தாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். இந்த வரியை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டு, மேலே ஒரு தேடுபெட்டியை வைத்துவிட்டால் மின்பதிவு முடிந்தது என்று பெரும்பாலான இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது அந்தப் பெட்டியில் 'காளை' என்று தேடுங்கள், இடபவாகனர் வரமாட்டார். 'ராஜராஜன் காலம்' என்று தேடுங்கள். வரமாட்டார், ஏனென்றால் கட்டத்தில் இருப்பது '11ஆம் நூற்றாண்டு'. 'மயிலாடுதுறை மாவட்டம்' என்று தேடுங்கள், அப்போதும் வரமாட்டார். சிலை கிடைத்தபோது திருவெண்காடு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது, 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்குப் போனது. ஊர் நகரவில்லை, சிலை எந்த மண்ணில் கிடைத்தது என்பதும் மாறவில்லை. கட்டத்தில் எழுதிய சொல் மட்டும் பழையதாகிவிட்டது. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. 'இடம்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. வார்த்த இடமா, வழிபட்ட இடமா, கிடைத்த இடமா, இன்று இருக்கும் இடமா? எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஓய்வுபெற்ற பிறகு யாருக்கும் தெரியாது.

பொருள்வழித் தேடல் என்று இன்று பேசப்படுவது இந்தக் குறையைத் தீர்க்க வந்த முயற்சி. எழுத்தும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல், தேடுபவர் எதைக் கேட்கிறார், பதிவு எதைச் சொல்கிறது என்று பார்த்து இணைப்பது அது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய வரைவுக்குத் துறையில் ஆன்டாலஜி என்று பெயர். ஒரு துறையில் என்னென்ன வகையான விஷயங்கள் உண்டு, அவை ஒன்றோடொன்று எந்தெந்த வகையில் உறவுகொள்ளலாம், ஓர் உறவிலிருந்து வேறு எதை முடிவாக எடுக்கலாம் என்பதைக் கணினி பின்பற்றும்படி எழுதிவைப்பதுதான் ஆன்டாலஜி. சோமாஸ்கந்தர் என்ற வகையில் சிவன், உமை, கந்தன் மூவரும் உறுப்பு என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். பல சோமாஸ்கந்தத் திருமேனிகளில் சின்னஞ்சிறு கந்தன் எப்போதோ காணாமல் போயிருக்கிறான். பீடத்தில் அவனுக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. முருகனைத் தேடுபவருக்கு அந்தத் திருமேனியையும் 'கந்தன் உரு இப்போது இல்லை' என்ற குறிப்போடு கொண்டுவந்து காட்ட முடியும். படத்தில் இல்லாத ஒன்றைத் தேடிக் கொடுப்பது சொற்பொருத்தத்தால் ஆகாது.

எதை மையமாக வைத்து அந்த ஆன்டாலஜியைக் கட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு. பொருளை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பண்புகளை ஒட்டுவது இயல்பாகத் தோன்றும். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பொருளுக்கு என்னென்ன நேர்ந்தது என்பதையும், அதைப் பற்றி யார் எதை ஆதாரமாக வைத்து என்ன சொன்னார் என்பதையும் நடுவில் வைக்க வேண்டும். வீட்டுமனை வாங்குகிறவர் பட்டாவைப் பார்த்ததோடு நிற்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டு முப்பது வருடத்துப் பரிமாற்றங்களை வரிசையாகப் பார்க்கிறார். இப்போதைய அருங்காட்சியகப் பதிவேடு பட்டாவின் ஒரு நகல். நமக்கு வேண்டியது வில்லங்கச் சான்று.

இது புதிய யோசனை அல்ல. பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் ஆவணப்படுத்தல் குழுவான சிடாக், 1990களின் முற்பகுதியில் அட்டவணை முறையில் ஒரு தரவு மாதிரியை உருவாக்கிக்கொண்டிருந்தது. உலகத்து அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் கட்டங்களையெல்லாம் அதில் சேர்க்கச் சேர்க்க, மாதிரி ஊதிக்கொண்டே போனது. 1996 முதல் குழு பாதையை மாற்றியது. கிரீட் தீவில் உள்ள ஃபோர்த் ஆய்வு நிறுவனத்தின் மார்ட்டின் டோயர் போன்றவர்கள் முன்னின்று, நிகழ்வை மையமாகக் கொண்ட கருத்து மாதிரி ஒன்றை எழுதினார்கள். 1999இல் முதல் பதிப்பு வந்தது. 2006இல் ஐஎஸ்ஓ 21127 என்ற பன்னாட்டுத் தரமானது. சிடாக் சிஆர்எம் என்று துறையில் அழைப்பது இதைத்தான். அந்த மாதிரியில் பொருளுக்கு நேராக 'ஆண்டு' என்று ஒரு கட்டம் கிடையாது. 'ஆக்கம்' என்ற நிகழ்வு உண்டு. அந்த நிகழ்வுக்குக் காலம் உண்டு, இடம் உண்டு, செய்தவர் உண்டு. கண்டெடுப்பு வேறு நிகழ்வு. அதற்குத் தனி இடம், தனிக் காலம். காலத்தையும் ஒற்றைச் சொல்லாக எழுதுவதில்லை. 'இதற்கு முன்பு இருக்க முடியாது, இதற்குப் பின்பும் இருக்க முடியாது' என்று இரு எல்லைகள் தருகிறார்கள். '11ஆம் நூற்றாண்டு' என்பது 1001 முதல் 1100 வரை என்று ஆகிறது; ராஜராஜனின் ஆட்சி 985 முதல் 1014 வரை. இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று கணினி தானே கண்டுகொள்ளும். திருமேனியை 'இருக்கக்கூடும்' என்ற தட்டில் வைத்துக் காட்டும்.

நிகழ்வை நடுவில் வைப்பது வெறும் ஒழுங்குப் பித்து அல்ல என்பதற்கு அமராவதிப் பலகை ஒன்று நல்ல சான்று. கிருஷ்ணா நதிக்கரைத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராசுக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதே தூபியின் சிற்பங்களில் பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. லண்டனில் உள்ள பலகைகளில் ஒன்று இருபுறமும் செதுக்கப்பட்டது. ஒருபுறத்தில் போதிமரத்தையும் வெற்று இருக்கையையும் வணங்கும் காட்சி, கி.மு. முதல் நூற்றாண்டு என்பார்கள். சில நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபுறத்தில் தூபியின் முழு உருவத்தைச் செதுக்கினார்கள்; அது கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்று கணிப்பு. 'காலம்' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால் இந்தக் கல்லுக்கு எதை எழுதுவது? கி.மு. 1 முதல் கி.பி. 3 என்று எழுதினால் நானூறு ஆண்டுகள் ஒருவர் உட்கார்ந்து செதுக்கியதுபோல் ஆகிவிடும். ஒரு பொருள், இரண்டு ஆக்க நிகழ்வுகள் என்று எழுதினால் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. எழும்பூரில் ஒரு கல், லண்டனில் ஒரு கல், கொல்கத்தாவில் ஒரு கல் என்று கிடப்பவை ஒரே கட்டுமானத்தின் உறுப்புகள் என்பதையும், எந்தத் தோண்டலில் எவை வந்தன என்பதையும் நிகழ்வுகளின் வழியாகத்தான் சேர்க்க முடியும். அருங்காட்சியகங்களின் பெயரால் சேர்க்க முடியாது; சிதறியதே அப்படித்தானே.

தேடுபவருக்கு இதனால் என்ன பயன் என்பதைப் பின்லாந்து 2004இலேயே காட்டியது. ஈரோ ஹுவோனனின் ஆய்வுக்குழு மியூசியம்ஃபின்லாந்து என்ற தளத்தைத் தொடங்கியது. தேசிய அருங்காட்சியகம், எஸ்போ நகர அருங்காட்சியகம், லாஹ்தி நகர அருங்காட்சியகம் மூன்றும் தனித்தனி மென்பொருளில் தனித்தனிச் சொற்களில் வைத்திருந்த சுமார் 4,000 பொருள்களை ஏழு ஆன்டாலஜிகளின் மேல் ஒன்றாக நிறுத்தினார்கள். பொருளின் வகை, செய்பொருள், இடம், காலம், பயன்பட்ட நிகழ்வு என்று ஏதாவது ஒரு வாசல் வழியாக உள்ளே போகலாம்; ஒரு பொருளிலிருந்து அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு, ஏன் தொடர்பு என்ற காரணத்தோடு, தாவலாம். 4,000 என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் மூன்று நிறுவனங்களின் பதிவுகள் தங்கள் மென்பொருளைக் கைவிடாமலே ஒரே கேள்விக்குச் சேர்ந்து பதில் சொன்னது அப்போது பெரிய விஷயம். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: ஒரே சொல் இரண்டு பொருள்களைக் குறித்தபோது எது என்று முடிவுசெய்ய ஆள் வேண்டியிருந்தது. எந்திரம் பாதி வேலை செய்தது, பதிவாளர் மீதியைச் செய்தார். இந்தப் பங்கீடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இதைவிடக் கடுமையான சோதனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனியை 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தொல்பொருள் சட்டம் வந்த 1972க்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் காகிதங்கள் உடன் வந்தன. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில், சிலை அதற்கு வெகுகாலம் கழித்தும் கோயிலிலேயே இருந்ததைக் காட்டும் படங்கள் இருந்தன. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். இந்த முரணைக் கணினி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மனிதர்கள் படத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் தருக்க வடிவத்தில் அது எவ்வளவு எளிய முரண் என்று பாருங்கள். ஒரு நிகழ்வு: இந்தக் காலத்தில் பொருள் வெளிநாட்டுக்கு நகர்ந்தது என்று விற்பனைக் காகிதம் சொல்கிறது. இன்னொரு நிகழ்வு: அதற்குப் பிந்தைய ஓர் ஆண்டில் பொருளைக் கோயிலில் வைத்துப் படம் எடுத்தார்கள் என்று ஆவணக் காப்பகம் சொல்கிறது. இரண்டும் ஒரே மொழியில் எழுதப்பட்டிருந்தால், 'ஒரே பொருள் ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் இருப்பதாகச் சொல்லும் பதிவுகளைக் கொடு' என்ற ஒற்றை வினவல் போதும். சிலையின் பெயர், உயரம், உலோகம், நூற்றாண்டு என்ற கட்டங்கள் எத்தனை துல்லியமாக நிரப்பப்பட்டிருந்தாலும் அந்த வினவலுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. சிஆர்எம் மாதிரியில் உரிமை கைமாறுவதும் பொறுப்பு கைமாறுவதும் இருவேறு நிகழ்வு வகைகளாக வைக்கப்பட்டிருப்பது இங்கேதான் அருமை தெரிகிறது. பாதுகாப்புக் கருதித் தமிழகக் கோயில்களின் உற்சவர்கள் பலர் திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறார்கள். அங்கே பொறுப்பு மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை. ஒரே கட்டத்தில் 'இருப்பிடம்' என்று எழுதினால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். பின்னொரு நாள் அந்த அழிவு நீதிமன்றம் வரை போகும்.

படத்தொகுப்பும் விற்பனைக் காகிதமும் ஒன்றையொன்று மறுக்கும்போது இரண்டையும் கணினி எப்படி வைத்துக்கொள்வது? இங்கேதான் நான் சொன்ன இரண்டாவது பகுதி வருகிறது. ஒவ்வொரு கூற்றையும், கூறியவரோடும் கூறிய காலத்தோடும் ஆதாரத்தோடும் சேர்த்து எழுத வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளுக்கு கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932இல் விரிவான அட்டவணை ஒன்றை வெளியிட்டார்கள். 1963இல் பி.ஆர். சீனிவாசனின் நூல் வந்தது, 1965இல் டக்ளஸ் பேரட்டின் முற்காலச் சோழச் செப்புத்திருமேனிகள் பற்றிய நூல் வந்தது, பிறகு ரா. நாகசாமியின் ஆய்வுகள் வந்தன. காலக் கணிப்பில் இவர்கள் ஒத்துப்போகாத திருமேனிகள் பல. அருங்காட்சியகச் சீட்டில் ஒருவர் சொன்னது மட்டும் இருக்கும். யார் சொன்னது என்றும் இருக்காது. நல்ல ஆன்டாலஜி நான்கு கணிப்புகளையும் வைத்துக்கொள்ளும். காப்பாட்சியர் இன்று ஏற்றிருப்பது எது என்று ஒன்றைத் தனியே சுட்டும். இடபவாகனரின் ஆண்டு 1011 என்ற முடிவு கல்வெட்டின் வாசிப்பைச் சார்ந்தது என்று எழுதியிருந்தால், நாளை யாராவது அந்தக் கல்வெட்டை வேறுவிதமாக வாசித்தால், எந்தெந்தச் சிலைகளின் காலம் ஆட்டம் காண்கிறது என்று ஒரு நொடியில் கேட்கலாம். பொதுமக்களுக்கு இத்தனை குழப்பம் எதற்கு என்பார்கள். திரையில் ஒரு விடையைக் காட்டுங்கள், தவறில்லை. அந்த விடையின்மேல் விரல் வைத்தால் காரணம் வர வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, இன்று எல்லோர் வாயிலும் இருப்பது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சொற்களையும் படங்களையும் எண்களின் வரிசையாக மாற்றி, அருகருகே இருப்பவற்றைத் தானே கண்டுபிடித்துக் கொடுக்கிறது. ஆன்டாலஜி எழுதி உடம்பைக் கெடுத்துக்கொள்வானேன்? இந்த வாதத்தில் பாதி உண்மை. நடராசர், நடராஜர், ஆடவல்லான், கூத்தபிரான் என்று எப்படி எழுதினாலும் ஒன்றாகக் கொண்டுவருவதில் அந்த முறைக்கு ஈடு கிடையாது. பதிவேட்டின் கலப்பு நடையிலிருந்து ஊரையும் ஆண்டையும் பிரித்து எடுக்கவும், இணைப்புகளை முன்மொழியவும் அதை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கையால் செய்து முடிக்க இங்கே ஆள் கிடையாது. ஆனால் ஒத்திருப்பது வேறு, தொடர்புடையது வேறு. ஒரே குழியிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த விநாயகரும் மணியும் தூபக்காலும் உருவத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்காது. ஆய்வாளருக்கு அவை மூன்றும் ஒரே சேர்க்கை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் எழும்பூருக்கு வந்த திருமேனிகளில், எவை ஒன்றாகப் புதைக்கப்பட்டவை என்ற கேள்விக்கு உருவ ஒற்றுமை பதில் சொல்லாது; கண்டெடுப்பு என்ற நிகழ்வு சொல்லும். அதைவிட முக்கியமானது, 'ஏன் இப்படிச் சொல்கிறாய்' என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். எண்வரிசைகளின் நெருக்கத்தை எந்த நீதிபதியும் ஆவணமாக ஏற்கமாட்டார். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்: கிளறிக் கொண்டுவருவது ஒன்று, சாட்சி சொல்வது மற்றொன்று.

இரண்டாவது எதிர்வாதத்தை அருங்காட்சியகங்களுக்கு உள்ளே இருப்பவர்களே சொல்வார்கள். அடிப்படைப் பதிவே முழுமையாக இல்லாதபோது ஆன்டாலஜி பேசுவது ஆடம்பரம் என்பார்கள். இது நேர்மையான வாதம். சுமார் 80 லட்சம் பொருள்கள் கொண்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமலோ திருடப்பட்டோ சேதமாகியோ போனது 2023இல் வெளியே தெரிந்தது; அவற்றில் பல ஒழுங்காகப் பட்டியலிடப்படாதவை. அதன்பின் முழுத் தொகுப்பையும் ஐந்து ஆண்டுகளில் மின்பதிவு செய்வதாக அந்த நிறுவனம் அறிவித்தது. இத்தனைக்கும் 2010களிலேயே பொருள்வழித் தரவை சிஆர்எம் வடிவில் வெளியிட்டு, ரிசர்ச்ஸ்பேஸ் என்ற ஆய்வுத் தளத்தையும் கட்டிய முன்னோடி அது. பதிவில் ஏறாத பொருளை எந்த ஆன்டாலஜியும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து 'முதலில் பழைய கட்டங்களை நிரப்பி முடிப்போம், பிறகு யோசிப்போம்' என்ற முடிவுக்கு வருவது தவறு. பதிவு எழுதும் அதே கையால், அதே நேரத்தில், இடத்தை நான்காகப் பிரித்து எழுதலாம். காலத்துக்கு இரு எல்லை எழுதலாம். யார் சொன்னது என்று ஒரு பெயர் எழுதலாம். இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம், சாதாரண அட்டவணைக் கோப்பு போதும். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் பத்தாயிரம் பதிவு எழுதிவிட்டால், பத்தாயிரம் பொருளையும் மறுபடி அலமாரியிலிருந்து இறக்க வேண்டும்.

சிஆர்எம் மிகவும் சிக்கலானது என்ற புகாரை விரைவாகக் கடந்துவிடுகிறேன். சுமார் 80 வகுப்புகளும் 160 உறவுகளும் கொண்டது. ஒருவர் முழுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதிலிருந்து அன்றாடத் தேவைக்கானதை மட்டும் பிரித்தெடுத்து லிங்க்டு ஆர்ட் என்ற சுருக்க வடிவத்தை அருங்காட்சியகங்கள் கூடி உருவாக்கியிருக்கின்றன. கெட்டி நிறுவனம் தன் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியத்தை 2014 முதல் யாரும் இணைத்துக்கொள்ளும்படி இலவசத் தரவாகத் திறந்துவிட்டது. கருவி இல்லை என்று சொல்ல இடமில்லை.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னை உண்மையிலேயே தயங்க வைப்பது: இந்த வகைப்பாடுகள் எல்லாம் மேற்கின் மூளையில் விளைந்தவை, அவற்றில் நம் பொருள்களை நுழைப்பது காலனி கால அட்டவணையின் மறுபிறப்பு. சான்று வேண்டுமானால் உண்டு. லைடன் பேராசிரியர் ஹென்றி வான் டி வாலின் ஐகான்கிளாஸ், படங்களின் உள்ளடக்கத்தைக் குறிக்க உலகெங்கும் பயன்படும் முறை. அதில் பைபிளுக்கு 7 என்ற முழுப் பிரிவு. கிரேக்க, ரோமப் புராணங்களுக்கும் பழைய வரலாற்றுக்கும் 9 என்ற முழுப் பிரிவு. சமயம் என்ற பிரிவுக்குள்ளே கிறித்தவத்துக்கு 11. உலகத்தின் மற்ற எல்லாச் சமயங்களும் 12 என்ற ஒரே அறைக்குள். ஐரோப்பிய ஓவியத்துக்காக எழுதியவர் ஐரோப்பியப் பங்கீடு செய்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தஞ்சைச் சிலைகளின்மேல் சுமத்தினால் குறை நம்முடையது. சிஆர்எம்முக்கும் ஓர் இடறல் உண்டு. பத்தூர் நடராசர் வழக்கு உங்களுக்குத் தெரியும்: 1976இல் மண்ணிலிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட திருமேனிக்காக லண்டனில் வழக்கு நடந்தது, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயில் வழக்காட உரிமையுள்ள தரப்பு என்று ஏற்றது. இந்தியச் சட்டத்தில் தெய்வமே சொத்துரிமை உள்ள சட்ட நபர். சிஆர்எம்மில் உரிமையாளராக இருக்கக்கூடியவர், வேண்டுமென்றே செயல்படக்கூடிய, பொறுப்பேற்கக்கூடிய மனிதர் அல்லது மனிதக் குழு. தஞ்சைப் பெருவுடையாரை எந்த வகுப்பில் எழுதுவது? மனிதரில் சேர்க்க முடியாது. குழுவில் சேர்த்தால், சட்டம் ஏற்ற உண்மையைத் தரவு மறுத்ததாகும்.

ஆனாலும் இந்த வாதம் ஆன்டாலஜி வேண்டாம் என்ற இடத்துக்குக் கொண்டுபோகாது. ஐகான்கிளாஸின் சாய்வு எல்லோருக்கும் தெரியக் காரணம், அது எண் போட்டு அச்சில் இருப்பதுதான். பயிற்சிப் படங்களின் வழியாக ஒரு மாதிரிக்குள் நுழைந்த சாய்வை இப்படி விரல் வைத்துக் காட்ட முடியுமா? எழுதிவைத்த வகைப்பாட்டில் தெய்வ உரிமையாளர் என்று ஒரு வகுப்பைச் சேர்க்கலாம், காரணத்தையும் எழுதலாம், எதிர்ப்பவர் எதிர்க்கலாம். சிஆர்எம்மின் நடுப்பகுதி வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்டிருக்கிறது; சிலையின் வகைகள், கோலங்கள், ஆயுதங்கள், கைமுத்திரைகள் எல்லாம் அந்தந்தத் துறையின் சொற்களஞ்சியத்திலிருந்து வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் களஞ்சியத்துக்கு நம்மிடம் சரக்குக் குறைவில்லை. திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் டி.ஏ. கோபிநாத ராவ் 1914, 1916 ஆண்டுகளில் வெளியிட்ட இந்துப் படிமக்கலைத் தொகுதிகள் ஆகமங்களிலிருந்து ஒவ்வொரு மூர்த்தத்தின் இலக்கணத்தையும் பிரித்துத் தந்திருக்கின்றன. சுவாமிமலை ஸ்தபதிகளின் தாள அளவும் சொல்வழக்கும் உயிரோடு இருக்கின்றன. இவை இரண்டும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. ஆகமம் சொல்லும் இலக்கணத்துக்கும் சோழர் வார்த்த உருவுக்கும் இடைவெளி இருப்பது படிமக்கலை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இடைவெளியையும் கூற்றாக எழுதலாம். ஒன்றை மற்றொன்றால் திருத்த வேண்டியதில்லை.

ஒரு கவலை மட்டும் எந்தப் பதிலாலும் முழுக்கத் தீராது. நிகழ்வுகளை இத்தனை விவரமாக எழுதி எல்லோரும் தேடும்படி திறந்துவிட்டால், எந்த ஊர்க் கோயிலில் பூட்டு வலுவில்லை என்பதும் தேடலில் வரும். சிலைத் திருடருக்கு ஆய்வாளரைவிட நல்ல தேடல் திறன் உண்டு. எனவே கோயிலில் இருக்கும் திருமேனிகளின் இருப்பிட நிகழ்வுகள் பொதுத்தளத்தில் மாவட்ட அளவோடு நிற்க வேண்டும், முழு விவரம் கோயில்களை நிர்வகிக்கும் துறையின் அலுவலருக்கும் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் மட்டும் திறக்க வேண்டும். நிகழ்வு தனியாக, பொருள் தனியாக எழுதப்பட்டிருந்தால் இப்படிப் பூட்டுவது எளிது. எல்லாம் ஒரே வரியில் இருந்தால் முழு வரியையும் மறைக்க வேண்டும் அல்லது முழு வரியையும் காட்ட வேண்டும். தொடங்குவதற்கு உகந்த இடம் எது என்று கேட்டால், திருமேனிப் பாதுகாப்பு மையங்களைச் சொல்வேன். எந்தக் கோயிலிலிருந்து, எந்த நாளில், யார் கையெழுத்தில், எந்தத் திருமேனி வந்தது என்ற தாள்கள் அங்கே இருக்க வேண்டியவை. ஒவ்வொரு தாளும் ஒரு பொறுப்பு மாற்ற நிகழ்வு. திருவிழாவுக்கு உற்சவர் கோயிலுக்குப் போய்த் திரும்புவதும் அப்படியே: இரண்டு நகர்வு, இரண்டு கையெழுத்து. பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பு, 1932 அட்டவணை, கல்வெட்டுத் தொகுதிகள் மூன்றையும் அந்தத் தாள்களோடு ஒரே நிகழ்வு மொழியில் சேர்த்துக்கொண்டே போகலாம். எண்பது வகுப்புகளில் ஆறு வகுப்பு இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும்.